சம்மட்டியின் எண்: அளவா, பெயரா?

பிரான்சின் லெ குரூசோ நகரத்து நுழைவில் 21 மீட்டர் உயரமுள்ள நீராவிச் சம்மட்டி ஒன்று இன்று நினைவுச்சின்னமாக நிற்கிறது. ஷ்னைடர் நிறுவனம் அதனை 1877இல் இயக்கத்திற்குக் கொண்டுவந்தது. அக்காலப் பொறியியல் இதழ்கள் அதனை 80 டன் சம்மட்டி எனக் குறித்தன. பிற்கால நூல்களில் அது 100 டன் சம்மட்டியாக வருகிறது. ஆங்கில விவரிப்புகள் சில, அது '100 டன் அடி' அடிக்கவல்லது என்கின்றன. இயந்திரம் ஒன்று, கூற்றுகள் மூன்று. முதல் இரண்டும் எண்ணால் வேறுபடுகின்றன. மூன்றாவது கூற்று இரண்டாவதனோடு எண்ணால் ஒத்துப் பொருளால் வேறுபடுகிறது. ஏனெனில் விழும் பொருளின் நிறை வேறு, அது விளைவிக்கும் விசை வேறு.

தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் இத்தகைய எண்களைப் பட்டியலிட்டு, எந்த நாட்டின் எந்த ஆலை எவ்வளவு ஆற்றல் கொண்டிருந்தது என ஒப்பிடுவது வழக்கம். அவ்வொப்பீட்டில் எண் ஓர் ஐயமற்ற சான்றாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் விசைச் சம்மட்டியின் மேல் பொறிக்கப்பட்ட எண்ணும் ஒரு பனுவலே. அது எப்பாகங்களைக் கணக்கில் கொண்டது, எந்த அலகில் சொல்லப்பட்டது, எக்காலத்தில் பொறிக்கப்பட்டது என்று வினவாமல் அதனைப் படிக்க இயலாது. அளவாகப் பிறந்த அவ்வெண், ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் பெயராக மாறிய வரலாறே இங்குக் கூறப்படுவது.

1. விலங்கின் பெயரும் பாகங்களின் எல்லையும்

கொல்லனின் கைச்சம்மட்டி செய்யும் வேலையை நீர், நீராவி, மின்மோட்டார், அழுத்தக் காற்று ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு செய்யும் இயந்திரமே விசைச் சம்மட்டி. அதில் மேலும் கீழும் சென்று அடிக்கும் கனத்த இரும்புக் கட்டியைச் சம்மட்டித் தலை எனலாம். ஆங்கிலத்தில் அதற்கு 'ராம்' என்று பெயர்; பிரிட்டிஷ் பட்டறை வழக்கில் 'டப்' என்றும் கூறுவர். இரண்டும் ஆட்டுக்கிடாயைக் குறிக்கும் சொற்கள். பிரெஞ்சுக்காரர் விழுசம்மட்டியின் தலையை ஆடு என்னும் பொருள்பட 'மூத்தோன்' என்றனர். ஜெர்மன் மொழியில் அதே பாகம் கரடியைக் குறிக்கும் சொல்லாகிய 'பேர்' என வழங்குகிறது. சம்மட்டியின் அளவைக் குறிக்கும் ஜெர்மன் கூட்டுச்சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கரடி எடை' என்றாகும். முட்டும் விலங்கும் மோதும் விலங்கும் இயந்திரத்திற்குப் பெயர் தந்திருக்கின்றன.

இப்பெயர்கள் எல்லாம் அடிக்கும் பாகத்தை ஓர் உடலாக, பிரிக்க முடியாத ஓருயிராகக் காட்டுகின்றன. உண்மையில் அது பல உறுப்புகளின் கூட்டு. தலையின் அடியில் மேல் அச்சு பொருத்தப்பட்டிருக்கும். அதனை இறுக்க ஆப்பு அடிக்கப்பட்டிருக்கும். நீராவிச் சம்மட்டியில் தலையோடு பிஸ்டன் தண்டும், தண்டின் மேல்முனையில் பிஸ்டனும் சேர்ந்தே விழும். காற்றுச் சம்மட்டிகள் பலவற்றில் தலையும் பிஸ்டனும் ஒரே உருளையாக அமைந்துவிடும். வில் பொருத்திய சம்மட்டியில் இணைப்புக் கைகளும் வில்லும் தலையோடு ஓரளவே சேர்ந்து அசையும்.

ஆகவே 'தலையின் எடை' என்னும் தொடர் இரு வகையாகப் பொருள்படும். தனித்த கட்டியின் எடை என்பது ஒன்று. அடியின் கணத்தில் சேர்ந்து விழும் எல்லாப் பாகங்களின் எடை என்பது மற்றொன்று. பின்னதை விழுநிறை எனலாம். அச்சு, ஆப்பு, தண்டு, பிஸ்டன் ஆகியவை சேர்ந்தால் விழுநிறை தனித்த தலையைவிடக் கணிசமாகக் கூடும். தயாரிப்பாளரின் எண் இவ்விரண்டில் எதனைச் சுட்டுகிறது என்பது தகட்டில் எழுதப்படுவதில்லை. அச்சை மாற்றினாலே விழுநிறை மாறிவிடும் என்பதும் கருதத்தக்கது. பத்தாண்டுகள் உழைத்த சம்மட்டியில் தொடக்கத்து அச்சே இருக்கும் என எதிர்பார்க்க இயலாது.

2. எடையும் உயரமும் போதுமாயிருந்த காலம்

நீராவிக்கு முன், ஐரோப்பிய இரும்பாலைகளில் நீர்ச்சக்கரத்தால் இயங்கிய நெம்புச் சம்மட்டிகளே பெரிய வேலைகளைச் செய்தன. நீண்ட மரத்தண்டின் ஒரு முனையில் இரும்புத் தலை இருக்கும். சுழலும் உருளையிலிருந்து புடைத்து நிற்கும் பற்கள் தண்டை உயர்த்தி விட்டுவிட, தலை தன் எடையால் விழும். அதன் குறை, வேலை பெரிதாகும்போது வெளிப்பட்டது. அடைகல்லின் மேல் வைக்கப்படும் இரும்புத் துண்டு பருமனாக ஆக, தலை விழுவதற்கான இடைவெளி குறைந்தது. மிகுந்த அடி தேவைப்படும் இடத்திலேயே மிகக் குறைந்த அடி கிடைத்தது.

இந்த முரணே ஜேம்ஸ் நாஸ்மித்தை வேறு வழி தேடச் செய்தது. 'கிரேட் பிரிட்டன்' கப்பலுக்குத் துடுப்புச் சக்கரங்களைத் தாங்கும் மாபெரும் அச்சுத்தண்டு ஒன்று திட்டமிடப்பட்டது. அதனை அடித்து வடிக்க வல்ல சம்மட்டி இல்லை என்று கப்பல் நிறுவனத்தின் பொறியாளர் பிரான்சிஸ் ஹம்ஃப்ரீஸ் தெரிவித்ததையடுத்து, நாஸ்மித் 1839 நவம்பர் 24 அன்று தம் குறிப்பேட்டில் ஒரு வரைபடம் தீட்டினார். செங்குத்தாக நிற்கும் சிலிண்டர். பிஸ்டன் தண்டின் கீழ்முனையில் தொங்கும் தலை. கீழிருந்து உயர்த்தும் நீராவி. நீராவியை வெளியேற்றியதும் ஈர்ப்பால் விழும் எடை. கப்பல் திருகுச்சுழலிக்கு மாறியதால் அந்த அச்சுத்தண்டு தேவைப்படவில்லை. வரைபடமோ நிலைத்தது.

எண்ணம் முழுவதும் நாஸ்மித்துக்கே உரியது என்று கூற இயலாது. ஜேம்ஸ் வாட் 1784இல் பெற்ற காப்புரிமையிலேயே நீராவியால் சம்மட்டியை இயக்கும் கருத்து உண்டு. வில்லியம் டெவரெல் 1806இல் அதனை மேலும் விரித்தார். லெ குரூசோவில் பிரான்சுவா பூர்தோன் இத்தகைய சம்மட்டியைக் கட்டி இயக்கியிருந்ததை நாஸ்மித் அங்குச் சென்றபோது நேரில் கண்டார். அதன் பின்னரே 1842 ஜூனில் அவர் பிரிட்டிஷ் காப்புரிமை பெற்றார். யார் முந்தியவர் என்ற வழக்கு இரு நாட்டு வரலாறுகளிலும் இன்றும் இரு விதமாகவே எழுதப்படுகிறது.

இக்கட்டுரைக்கு வேண்டியது வேறொரு செய்தி. அந்த முதல் தலைமுறை இயந்திரத்தில் நீராவி தூக்கியது; ஈர்ப்பு அடித்தது. ஆகவே விழுநிறையும் விழும் உயரமும் தெரிந்தால் அடியின் ஆற்றல் தெரிந்துவிடும். எடையைச் சொன்ன எண் இயந்திரத்தின் திறனையும் ஏறத்தாழச் சொல்லிற்று. எண்ணுக்கும் பொருளுக்கும் இடையே இவ்வளவு நெருக்கம் அதன் பின் அமையவில்லை.

அப்போதும் 'இத்தனை டன் அடி' என்னும் தொடர் பிழையானதே. 100 மெட்ரிக் டன் நிறை 5 மீட்டர் உயரத்திலிருந்து ஈர்ப்பால் மட்டும் விழுந்தால் ஏறத்தாழ 4.9 மெகாஜூல் ஆற்றல் கிடைக்கும். பழுக்கக் காய்ந்த எஃகு 10 சென்டிமீட்டர் நசுங்கி அதனை நிறுத்தினால், சராசரி விசை எடையைப் போல் 50 மடங்குக்கும் மேல். 2 சென்டிமீட்டரில் நின்றுவிட்டால் 250 மடங்குக்கும் மேல். விசை சம்மட்டியை மட்டும் பொறுத்ததன்று. அடிபடும் பொருள் எவ்வளவு இணங்குகிறது என்பதையும் பொறுத்தது. ஆகவே 100 டன் என்பது அடிக்குரிய எண்ணாக ஒருபோதும் இருக்க இயலாது.

3. மேலிருந்து வந்த நீராவி

அடுத்த படியில் நீராவி பிஸ்டனின் மேற்புறத்திலும் செலுத்தப்பட்டது. தலை இப்போது விழுவதோடு நில்லாமல் கீழ்நோக்கித் தள்ளவும்பட்டது. அதே எடை, அதே உயரம்; அடியோ பன்மடங்கு. மேலிருந்து தள்ளும் அழுத்தம் கொதிகலனையும் வால்வையும் இயக்குபவரின் கையையும் பொறுத்தது. எடை என்னும் ஒற்றை எண்ணால் இயந்திரத்தின் திறனைச் சொல்ல இயலாத நிலை அன்றே தோன்றிற்று.

எண் கைவிடப்படவில்லை. வாங்குவோருக்கும் விற்போருக்கும் இடையே அது பழகிவிட்டிருந்தது. விலைப்பட்டியல்கள் அதன் வரிசையிலேயே அமைந்தன. மொழியியலில் ஒரு சொல்லின் பொருள் தேய்ந்து, சுட்டும் தொழில் மட்டும் எஞ்சுவதுண்டு. இங்கு ஓர் எண்ணுக்கே அது நேர்ந்தது. '5 டன் சம்மட்டி' என்பது, '3 டன் சம்மட்டிக்கு அடுத்த பெரியது' என்னும் அளவிலேயே உறுதியான பொருள் தந்தது.

இதே காலத்தில் இதற்கு இணையான நிகழ்வு ஒன்றுண்டு. நீராவிப் பொறிகளின் 'பெயரளவுக் குதிரைத்திறன்' சிலிண்டரின் அளவுகளிலிருந்து, அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு என்ற நிலையான ஊகத்தோடு கணக்கிடப்பட்டது. கொதிகலன் அழுத்தம் உயர உயர, உண்மையான திறன் அந்த எண்ணைப் பன்மடங்கு மீறியது. ஆயினும் பொறிகள் நெடுங்காலம் அந்த எண்ணாலேயே விற்கப்பட்டன. பொறியின் வரலாற்றை எழுதுவோர் பெயரளவுத் திறனையும் அளந்தறிந்த திறனையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டனர். சம்மட்டியின் வரலாற்றில் அப்பிரிவினை இன்னும் வழக்கமாகவில்லை.

4. டன்னும் அந்தரும்

எப்பாகங்கள் என்னும் வினாவுக்கு அடுத்தது எந்த அலகு என்பது. பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் சிறிய, நடுத்தரச் சம்மட்டிகளை 'ஹண்ட்ரட்வெயிட்' கணக்கில் அளவிட்டனர். மான்செஸ்டரின் ஓப்பன்ஷாவில் 1861இல் தொடங்கிய பி அண்டு எஸ் மாஸ்ஸி நிறுவனத்தின் சம்மட்டிகள் உலகெங்கும் இந்த அலகோடுதான் சென்றன. ஈழத்தமிழில் 'அந்தர்' என வழங்கும் சொல் இந்த ஹண்ட்ரட்வெயிட்டின் தமிழ் வடிவமே. பெயரில் நூறு இருந்தாலும் பிரிட்டனில் அது 112 பவுண்டு, அதாவது 50.8 கிலோ. அமெரிக்காவில் அதே பெயர் 100 பவுண்டை, அதாவது 45.36 கிலோவைக் குறிக்கும். ஜெர்மனியின் 'ட்சென்ட்னர்' என்னும் சொல்லும் நூறு என்னும் அடியிலிருந்தே பிறந்தது. அதன் அளவு 50 கிலோ. கிருப் நிறுவனம் 1861இல் எசனில் நிறுவிய 'ஃபிரிட்ஸ்' சம்மட்டிக்குரியதாக நூல்கள் தரும் 50 டன் என்னும் அளவு, ட்சென்ட்னர் கணக்கில் ஆயிரம் என்னும் முழு எண்ணாகும்.

டன்னின் நிலை இதனினும் சிக்கலானது. பிரிட்டிஷ் நீள டன் 1016 கிலோ. மெட்ரிக் டன் 1000 கிலோ. அமெரிக்கக் குறு டன் 907 கிலோ. ஆங்கில எழுத்துமுறை மெட்ரிக் அலகைத் தனித்துக் காட்டுகிறது. தமிழ் எழுத்தில் மூன்றும் 'டன்' ஆகிவிடுகின்றன. பெத்லகேம் இரும்பு நிறுவனம் ஷ்னைடரிடமிருந்து உரிமை பெற்று, ஜான் ஃபிரிட்ஸின் பொறுப்பில் 1891இல் கட்டிய சம்மட்டி 125 டன் எனப் புகழ்பெற்றது. அமெரிக்க இரும்புத் தொழிலில் நீள டன்னும் குறு டன்னும் வழக்கில் இருந்தன. 125 நீள டன் என்பது 127 மெட்ரிக் டன். 125 குறு டன் என்பது 113 மெட்ரிக் டன். லெ குரூசோவின் எண்ணை 100 எனக் கொண்டால், அமெரிக்கச் சம்மட்டி அதனினும் 27 விழுக்காடு பெரியதாகலாம், 13 விழுக்காடு பெரியதாகலாம். 80 எனக் கொண்டால் இடைவெளி மேலும் விரியும். 'உலகின் மிகப் பெரியது' என்னும் வாக்கியத்தின் அடியில் இத்தனை கணக்குகள் கிடக்கின்றன.

நிறை, எடை என்னும் சொற்களிலும் தமிழ் மாணவர் விழிப்பாயிருத்தல் நன்று. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிறை என்பது பொருளின் அளவையும் எடை என்பது ஈர்ப்பு விசையையும் குறிக்கும். இலங்கைப் பாடநூல்களில் திணிவு என்பது முன்னதையும், நிறை என்பது பின்னதையும் குறிக்கும். இக்கட்டுரை தமிழ்நாட்டு வழக்கைப் பின்பற்றுகிறது. பட்டறை வழக்கில் 'எடை' இரண்டுக்கும் நிற்கிறது.

5. சிறு பட்டறையின் சம்மட்டிகள்

பேராலைகளுக்கு வெளியே, வண்டிப் பட்டறைகளுக்கும் உழவுக்கருவி செய்வோருக்கும் ஏற்ற சிறு விசைச் சம்மட்டிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பெருகின. நியூயார்க் மாநிலத்து சிரக்யூஸின் பிராட்லி நிறுவனம் நெம்புச் சம்மட்டிகளால் அறியப்பட்டது. மினசோட்டாவின் மன்காட்டோவிலிருந்து வந்த 'லிட்டில் ஜயன்ட்' வில் சம்மட்டிகள் 25, 50, 100 பவுண்டு எனவும் அதற்கு மேலும் விற்கப்பட்டன.

நெம்புச் சம்மட்டியில் 'உண்மையான எடை' என்பதே ஐயத்திற்குரியதாகிறது. பின்முனையில் சுழலும் ஒரு தண்டையும், முன்முனையில் 100 கிலோத் தலையையும் எடுத்துக்கொள்வோம். தண்டு எங்கும் சீரான பருமனுடன் 60 கிலோ உள்ளது என்க. தலையின் அடியில் தராசை வைத்தால் தண்டின் பாதி எடையும் சேர்ந்து 130 கிலோ காட்டும். ஆனால் அடியின் கணத்தில் தண்டின் பின்பகுதி மெல்ல அசைகிறது, முன்பகுதியே விரைகிறது. இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் தண்டின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே தலையோடு சேரும். பயன்நிறை 120 கிலோ. தகடு 100 என்னும். தராசு 130 என்னும். இயற்பியல் 120 என்னும். மூன்றும் தத்தம் அளவில் மெய்யே.

காற்றுச் சம்மட்டிகளில் எண்ணுக்கும் அடிக்கும் உள்ள விலகல் அட்டவணையிலேயே தெரியும். சீனத் தயாரிப்பான சி41 வகையில், மாதிரிப் பெயரின் பின் வரும் எண் விழும் பாகத்தின் எடையைக் கிலோவில் குறிக்கும். தயாரிப்பாளர்களின் அட்டவணைகள் 75 கிலோ மாதிரிக்கு ஏறத்தாழ 1 கிலோஜூல் என்றும், 750 கிலோ மாதிரிக்கு ஏறத்தாழ 19 கிலோஜூல் என்றும் அடியாற்றலைத் தருகின்றன. எடை 10 மடங்கு கூட, அடி 19 மடங்கு கூடுகிறது. மேலும் 75 கிலோ நிறை ஈர்ப்பால் மட்டும் விழுந்து 1 கிலோஜூல் பெற 1.36 மீட்டர் உயரம் வேண்டும். அவ்வளவு சிறிய சம்மட்டியின் வீச்சு அரை மீட்டரையும் எட்டாது. எஞ்சியதைக் காற்றழுத்தம் தருகிறது.

பிலடெல்பியாவின் நேசல் நிறுவனம் இச்சிக்கலை வேறு விதமாகக் கடந்தது. அதன் சம்மட்டிகள் 2பி, 3பி, 4பி என எண்ணும் எழுத்தும் கொண்ட குறிகளாலேயே அழைக்கப்பட்டன. அக்குறி எடை எதனையும் கூறுவதாகப் பாவனை செய்வதில்லை. ஆகவே பொய்யாவதும் இல்லை. அளவாக வேடமிட்ட பெயருக்கும் பெயராகவே நிற்கும் பெயருக்கும் உள்ள வேறுபாடு இங்குத் தெளிவாகும்.

6. நிறுத்துப் பார்க்கும் வழிகள்

தகட்டின் எண்ணை ஐயுறுவோர் உண்மை எடையை எங்ஙனம் காண்பது? பட்டறையிலும் அருங்காட்சியகத்திலும் கையாளத்தக்க வழிகள் மூன்று; ஆவணங்களின் வழி ஒன்று.

முதல் வழி கழற்றி நிறுத்தல். தலை, மேல் அச்சு, ஆப்பு, தண்டு, பிஸ்டன் ஆகியவற்றைத் தனித்தனியே தொங்குதராசில் நிறுத்து, தனித்தனியே எழுதிவைத்தல் வேண்டும். கூட்டுத்தொகையை மட்டும் எழுதிவைப்பது பழைய குழப்பத்தையே நீட்டிக்கும்.

இரண்டாவது, பொருத்திய நிலையிலேயே நிறுத்தல். இணைப்பைக் கழற்றி, தலையின் அடியில் எடையுணர் கருவியை வைத்து, ஜாக்கி கொண்டு தலையை மெல்ல உயர்த்துவர். இங்கு வழிகாட்டிச் சட்டங்களின் உராய்வு கணக்கைக் கெடுக்கும். உயர்த்தும்போது உராய்வு எடையோடு கூடும்; இறக்கும்போது எடையிலிருந்து கழியும். எடுத்துக்காட்டாக, உயர்த்துகையில் 212 கிலோவும் இறக்குகையில் 188 கிலோவும் காட்டினால், உண்மை எடை 200, உராய்வு 12. ஒரு திசையில் மட்டும் அளந்தவர் தவறான எண்ணைத் துல்லியமாக எழுதியவராவார். காற்றுச் சம்மட்டியாயின் சிலிண்டரில் அடைபட்ட காற்று தலையைத் தாங்காதவாறு வால்வுகள் திறந்திருக்க வேண்டும். தலை சரிந்து விழாதவாறு கீழே கனத்த மரக்கட்டைகளை அடுக்காமல் எவரும் கை நீட்டலாகாது.

மூன்றாவது, அளந்து கணித்தல். கழற்ற இயலாத காட்சிப்பொருளுக்கு இதுவே வழி. 20 சென்டிமீட்டர் சதுர முகமும் 60 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தலையின் கனஅளவு 24,000 கனசென்டிமீட்டர். எஃகாயின் ஏறத்தாழ 188 கிலோ. வார்ப்பிரும்பாயின் ஏறத்தாழ 173 கிலோ. எவ்வுலோகம் என்னும் ஒரு வினாவே 15 கிலோ வேறுபாட்டைத் தருகிறது. தலையினுள் குடைவு இருப்பின் வேறுபாடு மேலும் பெருகும். உள்ளே குடையப்பட்ட தலையை வெளியிலிருந்து அளப்பவர் எண்ணைக் கூட்டியே எழுதுவார்.

ஆவண வழி வரலாற்று மாணவருக்கு உரியது. விளம்பரப் பட்டியலைவிட வார்ப்பாலையின் பாகவரைபடமும், உதிரிபாகங்களின் அனுப்பு எடைக் குறிப்பும் நம்பத்தக்கவை. விளம்பரம் வாங்குவோரை நோக்கிப் பேசுகிறது. அனுப்பு எடை சரக்குக் கட்டணத்தை நோக்கிப் பேசுகிறது. உடைந்த தண்டுக்கு மாற்றாக அனுப்பப்பட்ட புதிய தண்டின் எடை, ரயில் ரசீதிலோ கப்பல் ரசீதிலோ பதிவாகியிருக்கும். எண்ணைக் கூட்டிச் சொல்வதில் எவருக்கும் ஆதாயமில்லாத இடத்தில் கிடைக்கும் எண்ணே வலிய சான்று.

7. அடைகல்லின் சாட்சி

இத்தனை நுணுக்கம் எதற்கு என்னும் வினாவுக்கு அடைகல் விடை தரும். தலை மோதும்போது அடைகல் அசையாமல் நின்றால்தான் ஆற்றல் முழுவதும் வேலைப்பொருளில் செலவாகும். மோதலுக்குப் பின் இரண்டும் சேர்ந்து கீழே நகர்வதாகக் கொண்டால், பயன்படும் பங்கை எளிதில் கணக்கிடலாம். அடைகல் விழுநிறையைப் போல் 5 மடங்காயின் ஆற்றலில் 83 விழுக்காடும், 10 மடங்காயின் 91 விழுக்காடும், 20 மடங்காயின் 95 விழுக்காடும் இரும்புக்குச் சேரும். எஞ்சியது அடித்தளத்திற்கும் நிலத்திற்கும் செல்லும்.

லெ குரூசோவில் அடைகல்லின் வார்ப்பிரும்புத் தளம் 750 டன். விழுநிறை 80 எனில் விகிதம் 9.4, நிலத்திற்குச் செல்லும் பங்கு 10 விழுக்காட்டிற்குச் சற்றுக் குறைவு. விழுநிறை 100 எனில் விகிதம் 7.5, அப்பங்கு 12 விழுக்காடு. அடியாற்றலும் கூடுவதால், ஒவ்வோர் அடியிலும் நிலம் ஏற்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. ஆகவே 80, 100 என்னும் வேறுபாடு வெறும் ஏட்டு வேறுபாடன்று. அருகிலுள்ள சுவரும், எந்திரங்களின் சீரமைவும், கீழே இட்ட மரமும் கல்லும் ஏற்கும் வேறுபாடு. பெத்லகேமின் மாபெரும் சம்மட்டி சில ஆண்டுகளே இயங்கிற்று. பெருவடிப்பு வேலைகள் நீரியல் அழுத்திகளிடம் சென்றன. அழுத்தி நிலத்தை அதிரச் செய்வதில்லை. அதன் டன் எண் விசையையே நேராகக் குறிக்கிறது. 'டன்' என்னும் ஒரே சொல் சம்மட்டியில் நிறையாகவும் அழுத்தியில் விசையாகவும் நின்றதால், இரண்டையும் அருகருகே பட்டியலிட்ட நூல்களில் புதிய குழப்பம் ஒன்றும் பிறந்தது.

சிறு பட்டறையிலும் இதே கணக்குதான். 150 கிலோ எனப் பெயர் பெற்ற சம்மட்டிக்கு 1500 கிலோ அடைகல் என்றால் விகிதம் 10. அச்சும் தண்டும் சேர்ந்து உண்மையான விழுநிறை 190 கிலோ எனில் விகிதம் 8க்கும் கீழே இறங்கிவிடும். தகட்டை நம்பி அடித்தளம் இட்டவரின் தரையில் விரிசல் தோன்றும்போது, பழி சிமென்டின் மேல் விழும்.

8. இந்திய ஆவணங்களைப் படிப்போருக்கு

இந்தியாவின் ரயில் பட்டறைகள் பிரிட்டிஷ் எந்திரங்களோடு பிரிட்டிஷ் அலகுகளையும் பெற்றன. 1862இல் தொடங்கிய ஜமால்பூர் பட்டறை போன்றவற்றின் வரலாற்றை எழுதுவோர் எதிர்கொள்வது டன், ஹண்ட்ரட்வெயிட் கணக்கு. அதே காலத்து உள்நாட்டுச் சரக்குக் கணக்கு மணங்கில் இருக்கும். வங்காள மணங்கு ஏறத்தாழ 37.3 கிலோ, சென்னை மணங்கு 25 பவுண்டு, அதாவது 11.3 கிலோ. பெயர் ஒன்று, அளவு மும்மடங்கு வேறுபடும். எடை அளவைத் தரப்படுத்தும் சட்டம் 1956இல் நிறைவேறி, 1958 முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பழைய சம்மட்டிகள் அப்படியே நின்றன. ஏடுகளின் தலைப்பு மாறியது. 10 ஹண்ட்ரட்வெயிட் என்பது 508 கிலோ. பேச்சில் அது 'அரை டன்'. மெட்ரிக் கணக்கில் 500 கிலோவும் 'அரை டன்'. எழுதியவர் உண்மையில் நிறுத்தாரா, பெயரை மட்டும் பெயர்த்தாரா என்பதை எண்ணின் வட்டத்தன்மையே காட்டிக்கொடுக்கும். 508 என்று எழுதியவர் கணக்கால் மாற்றியவர். 500 என்று எழுதியவர் பெயரை மாற்றியவர். 493 என்றோ 521 என்றோ எழுதியவரே தராசின் முன் நின்றவராகலாம்.

பஞ்சாபின் லூதியானா, ஜலந்தர் முதலிய நகரங்களில் கைக்கருவி வடிக்கும் தொழிலில் பெல்ட்டால் உயர்த்தி விடப்படும் விழுசம்மட்டிகள் புழக்கத்தில் உள்ளன. அவற்றின் அளவும் டன் கணக்கில்தான் சொல்லப்படுகிறது. ஈர்ப்பு மட்டுமே அடிப்பதால், நாஸ்மித் காலத்து நெருக்கம் அவ்வெண்ணில் ஓரளவு மீண்டும் அமைகிறது. அதே பட்டறையின் காற்றுச் சம்மட்டிக்குரிய எண்ணில் அது இல்லை. ஒரு பட்டறையின் எந்திரப் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வரும்போது, அவற்றைக் கூட்டி 'மொத்தத் திறன்' காண்பது பொருளற்ற செயல். தொழில் வளர்ச்சி பற்றிய ஆய்வேடுகளில் இத்தகைய கூட்டல் இடம்பெறுமாயின், அதன் மேல் எழுப்பப்படும் முடிவும் அவ்வளவே உறுதியுடையதாகும்.

சம்மட்டியொன்றின் அளவை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் நான்கு செய்திகளைச் சேர்த்துத் தருவாராயின் பெரும்பாலான குழப்பம் நீங்கும். எண் சுட்டுவது தனித்த தலையையா, விழுநிறையையா, அலகு எந்நாட்டினது, குறிப்பின் ஆண்டு எது, தலை ஈர்ப்பால் மட்டும் விழுகிறதா, நீராவியாலோ காற்றாலோ தள்ளப்படுகிறதா. இவற்றுள் எதற்கேனும் மூல ஆவணம் விடை தரவில்லையெனில், எண்ணை மேற்கோள் குறிக்குள் இட்டு, பெயர் என்ற அளவிலேயே வழங்குதல் தகும். லெ குரூசோவின் சின்னத்தைப் பற்றி எழுதுவோர் '1877இல் கட்டப்பட்டது, அக்கால இதழ்களில் 80 டன், பின்னர் 100 டன் என அறியப்பட்டது' என எழுதலாம். வாக்கியம் சற்று நீளும். ஆனால் அதனைப் படிக்கும் அடுத்த ஆய்வாளர், இரு எண்களுக்கும் இடையே கிடக்கும் 20 டன் இரும்பைத் தேடிச் செல்ல வழி கிடைக்கும்.